ஒன்றும் வரக்கூடாத கிணறு

போர் வண்டிச் சத்தம் கேட்டுக்
குடத்தோடு வந்துவிட்டார்கள்.
"எத்தனை அடி? எந்த எலெக்‌ஷனுக்கு?"
என்றாள் சம்பங்கி.
நாற்பதடி என்றேன்.
சிரித்தார்கள்.
ஆயிரத்து இருநூறு அடியிலும்
கல்மாவு மட்டும் பறந்த ஊர்.

தண்ணீருக்கு இல்லை என்று சொல்லவேண்டியிருந்தது.
கிருஷ்ணகிரியின் இருபது வருஷத்தைக் கொட்டி நிரப்பிய
கருங்கல் குவாரி அதோ.
மேலே மண் போட்டுப் புல்லும் விதைத்தாயிற்று.
உள்ளே இன்னும் வேகிறது
கறிக்கடைக் கழிவு, கல்யாண இலை,
மாம்பழக் கூழ் ஆலைகள் ஜூன்தோறும் அனுப்பிய
லாரி லாரியாய்க் கொட்டை, தோல்.
அந்த வேக்காட்டின் மூச்சு
மண்ணுக்குள் இந்தப் பக்கம் நடக்கிறதா என்று பார்க்க ஒரு குழாய்.

"அப்போ இதுல என்னதான் வரும்?"
ஒன்றும் வரக்கூடாது.
இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

வரைபடத்தில் பன்னிரண்டு புள்ளிகள் வைத்திருந்தேன்.
வயல் பக்கம் ஐம்பது மீட்டருக்கு ஒன்று,
வீடுகள் பக்கம் பதினைந்துக்கு ஒன்று.
வாயு வரைபடம் பார்த்து நடப்பதில்லை.
வெடிவைத்துக் கல் எடுத்த நாளில்
பாறையில் விழுந்த விரிசல் எதுவோ
அதுதான் அதற்குத் தெரு.
சம்பங்கி அந்தக் குவாரியில் ஜல்லி சுமந்தவள்.
குடத்தை இடுப்பு மாற்றிக்கொண்டு
முகவாயால் காட்டினாள்:
"அங்க வெடிச்சா
இங்க என் அடுப்படிச் செவுரு பிளக்கும்.
மூணு தரம் பூசியிருக்கேன்."
ஒன்பதாவது புள்ளியை
நான்கு மீட்டர் நகர்த்தினேன்.

திருச்செங்கோட்டு வண்டி.
டிரைவர் பழக்கதோஷத்தில்
எலுமிச்சை வைத்துக் கற்பூரம் ஏற்றப் போனார்.
இங்கே நெருப்பு வேண்டாம் என்று
தீப்பெட்டியை வாங்கி வைத்துக்கொண்டேன்.
சாமிக்குற்றம் என் கணக்கில்.

சத்தீஸ்கரிலிருந்து வந்த புத்ராம்
ஹாக்ஸா பிளேடால்
குழாயின் கீழ்ப்பாதியைக் கீறிக்கொண்டிருந்தான்,
மீனுக்குச் செவுள் வைப்பதுபோல.
பசை போடாதே, மரைபோட்டு முடுக்கு;
பசை வாடையும் மானியில் ஏறிப்
பொய் சொல்லும்.
சுற்றிலும் கழுவிய கூழாங்கல்.
மேலே, நனைத்தால் உப்பி அடைத்துக்கொள்ளும் களிமண்.
அதற்கும் மேலே சிமெண்ட்.
ஒரு சின்னத் திருகு, ஒரு மூடி, ஒரு பூட்டு.
பூட்டு
பழைய இரும்புக்கடையை நினைத்து.

அப்புறம் செவ்வாய்க்கிழமைகள்.
திருகில் ரப்பர் குழாய் மாட்டி
மானியில் எண் நிற்கும்வரை காத்திருப்பேன்.
பூஜ்யம். பூஜ்யம்.
நாய் ஒன்று வந்து முகரும், போகும்.
பூஜ்யம்.
"தண்ணி வந்துருச்சா?" என்பாள் சம்பங்கி
பாத்திரம் கழுவியபடி.
இல்லை என்பேன்.
ஆறு மாதமாக எங்களுக்குள் இருந்த ஒரே நகைச்சுவை அது.

ஐப்பசியில் நாலு நாள் அடைமழை.
மேல்மண் ஊறி மூடிக்கொண்டது.
கடலில் எங்கோ புயல் சின்னம் என்றார்கள்;
கடலே இல்லாத இந்த மாவட்டத்திலும்
காற்றழுத்தம் இறங்கிக்கொண்டிருந்தது.
மேலே போக வழியில்லாதது
பக்கவாட்டில் நடக்கும்.

ஒன்பதாவது குழாய்.
காலையில் பூஜ்யம் புள்ளி மூன்று.
மதியம் ஒன்று புள்ளி ஒன்று.
பேட்டரியைக் கழற்றி மாட்டிப் பார்த்தேன்.
இருட்டும்போது இரண்டு புள்ளி ஆறு.
ஐந்து போதும், ஒரு தீப்பொறிக்கு.

கரண்ட் போயிருந்தது.
அவள் அடுப்படி ஜன்னல் சாத்தியிருந்தது.
உள்ளே
தீக்குச்சி உரசும் சத்தம்.
நமுத்துப்போன குச்சி.
இன்னொன்று.

"சம்பங்கி, பத்தவைக்காதே!"
எத்தனை தடவை கத்தினேன் என்று தெரியாது.
அவள் வந்தாள், பிள்ளைகள் வந்தார்கள்,
மழையில் சட்டையில்லாமல் கடைசிப் பையன்.
அவள் கையில் இன்னும் தீப்பெட்டி.

"வந்துருச்சா?" என்றாள்.

திறந்த கதவுக்குள் மானியை நீட்டினேன்.
எண் நிற்பதற்கு
முப்பது வினாடி ஆகும்.