காரணம் என்ற கட்டம்

முதலில் ஊசி வருகிறது.
துணி இல்லை, நூல் இல்லை.
இடப்பக்கப் பார்வையின் ஓரத்தில் யாரோ
மெஷினை மிதிக்கத் தொடங்குகிறார்கள்.
மடங்கி மடங்கி ஓடும் வெள்ளித் தையல்,
அதன் நடுவில் ஓர் ஓட்டை.
சூப்பர்வைசர் ரெஜி பிள்ளையின் வாய்
அந்த ஓட்டைக்குள் போய்விடும்.
மீசை மட்டும் என்னைத் திட்டும்.

இருபது நிமிஷம்.
பிறகு வலி, வலப்பக்கம் மட்டும்.
ஒற்றைத் தலைவலி என்று
தெரிந்துதான் பெயர் வைத்திருக்கிறார்கள்:
பாதி மண்டையை உடைத்துவிட்டு
மறுபாதியை வேடிக்கை பார்க்க விடுவது.

ஜேக்கப்ஸில் எங்கள் தொழிற்சாலை.
டிசம்பர் முழுக்கப் பள்ளிக்கூடத்து பிளேசர்.
கருநீலம் மஞ்சள் கருநீலம் மஞ்சள்
பட்டை பட்டையாய், ஒரு நாளைக்கு எண்பது கை.

டாக்டர் ந்தூலி ஒரு நோட்டு கொடுத்தார்.
தேதி, நேரம், தூக்கம், சாப்பாடு.
கடைசிக் கட்டம்: காரணம்.

எழுதினேன்.
புரட்டாசி மூன்றாம் சனி. விரதம். இரண்டு மணி வரை வெறும் டீ.
மலைக்காற்று. உள்நாட்டிலிருந்து சூடாய் இறங்கிக்
கொடித்துணியை அப்பளமாக்கிவிட்டு
ராத்திரியே திரும்பிக் கடற்குளிரானது.
தீட்டுக்கு முந்தின நாள்
(அடித்துவிட்டேன். மறுபடி எழுதினேன்).
மூன்றாவது வரிசை டியூப் லைட், துடிக்கிறது.
ஞாயிறு. ஒன்றுமேயில்லை. பத்து மணி வரை தூங்கினேன்.
அதனால்தானோ?
நாத்தனார் கண்ணேறு என்று மிளகாய் சுற்றிப் போட்டாள்.
அந்த நெடியில் அடுத்தது.

"ஒரே குற்றவாளியைத் தேடாதீர்கள்" என்றார் டாக்டர்.
மூளையின் மேற்பரப்பில் ஓர் அலை கிளம்புமாம்,
நிமிஷத்துக்கு மூன்று மில்லிமீட்டர்.
மெர்பேங்க்கில் கடலைக் கேட்டு வளர்ந்தவளுக்கு
இத்தனை மெத்தனமான அலையை நம்ப முடியவில்லை.
அது கடந்த இடமெல்லாம் கொஞ்ச நேரம் ஊமை.
பின்னால் முகத்து நரம்பு விழித்துக்கொண்டு
ரத்தக்குழாய்களைச் சுற்றி ஊரைக் கூட்டும்.
எனக்குப் புரிந்த மாதிரி சொன்னால்
பொத்தான் முதலிலேயே தளர்வாய்த் தைத்தது.
எந்த இழுப்பில் அறும் என்பதுதான் நாளுக்கு நாள் வேறு.

"வீட்டில் வேறு யாருக்காவது?"
யாருக்கும் இல்லை என்றேன்.

பஸ் திருப்பத்தில், சிவப்பு விளக்கில், அப்பா.
எண்ணெய் ஆலையில் ராத்திரி ஷிஃப்ட் முடித்து வந்து
குளியலறையைப் பூட்டிக்கொள்வார்.
குழாய் ஓடும். நடுவில் ஓக்காளம்.
ஈரத்துண்டோடு வெளியே வந்து ஜன்னலுக்கெல்லாம் போர்வை மாட்டுவார்.
ஸ்பூன் விழுந்தால் கத்துவார்.
ஒரு முறை ரேடியோவைச் சுவரில் அடித்தார்.
குடி என்றது தெரு. நாங்களும்தான்.
கிட்டப் போய் முகர்ந்து பார்த்ததில்லை, யாரும்.

காரணம் என்ற கட்டத்தில் எழுதினேன்:
காத்தமுத்து, 1941 முதல் 1993.
அடித்தேன்.
ஓரத்தில் இடமிருந்தது. சாட்சி என்று எழுதினேன்.

இன்று எட்டு மணிக்கு மின்வெட்டு.
சாட்ஸ்வொர்த் முழுக்க ஒரே "அய்யோ".
எதிர்வீட்டில் ஜெனரேட்டரை உதைத்துப் பார்க்கிறார்கள்,
நல்லவேளை, கிளம்பவில்லை.
நான் மட்டும், சொன்னால் அடிப்பார்கள்,
மாநகராட்சிக்கு நன்றி சொல்லிக்கொண்டு
தலையணையின் குளிர்ந்த பக்கத்தைத் தேடிப் படுத்திருக்கிறேன்.

அடுக்களையில் மெழுகுவத்தி.
பிள்ளைகள் ரகசியமாய்ச் சாப்பிடுகிறார்கள்.
ஒரு ஸ்பூன் விழுகிறது.

மூச்சைப் பிடித்துக்கொள்கிறார்கள். எனக்குக் கேட்கிறது,
மூன்று பேரும்.

பரவாயில்லை என்று சொல்ல வாயெடுக்கிறேன்.
அந்தச் சொல் இன்னும்
ஓட்டைக்குள் இருக்கிறது.