பார்க்காமல் எழுத முடியாது

மஞ்சக்குப்பம் ஸ்டேஷனில்
கரண்ட் போய் வந்த பிற்பகல்.
ஃபேன் சுற்றத் தொடங்கியபோது
என் மேசையில் இரண்டு மனுக்கள்.

ஒன்று அஞ்சலாட்சி கொடுத்தது.
தேவனாம்பட்டினத்திலிருந்து கூடையோடு வந்தவள்
வாசலிலேயே அதை இறக்கிவிட்டு
போனை இரண்டு கையாலும் நீட்டினாள்,
கொதிக்கும் குண்டானை நீட்டுவதுபோல.
மகள் பிரவீணா, நர்சிங் இரண்டாம் ஆண்டு.
யாருடைய உடம்பிலோ அவள் முகம்.
கீழே இருநூற்றுப் பதினான்கு சிரிப்பு.
"பதினோரு நாளா சோறு எறங்கல அவளுக்கு."
பிறகு மெதுவாக,
"இத நீங்க பாக்காம எழுத முடியாதா?"

முடியாது அஞ்சலாட்சி.

மற்றது தபாலில் வந்தது.
வழவழத் தாள், கம்பெனி முத்திரை, வக்கீல் தமிழ்.
சிப்காட் பக்கம் ராத்திரி இரண்டு மணிக்கு
அழுகல் முட்டை நாற்றம் என்று
ஒருவன் நாற்பது நொடி வீடியோ போட்டானாம்.
"எங்க மூக்கு பொய் சொல்லுதா மொதலாளி?"
என்று கேட்டானாம்.
மேலாளருக்கு மன உளைச்சலாம்.

எனக்கும் தெரியும் அந்த நாற்றம்.
குவார்ட்டர்ஸ் ஜன்னலை அதற்காகத்தான் சாத்துகிறேன்.
மூக்குக்குப் படிவத்தில் கட்டம் இல்லை.
பிரவீணாவுக்கும் மேலாளருக்கும்
ஒரே கட்டம்:
இணையவழித் துன்புறுத்தல்.

"ரெண்டாவது மேல இருந்து வந்தது,
அத மொதல்ல போடும்மா" என்றார் அய்யா.

நான் சிரித்தவர்களை உருட்டிக்கொண்டே போனேன்.
தொண்ணூற்றாறாவது பெயர் சுகேந்திரன்.
நாற்பது நொடி சுகேந்திரன்.
அதே நீலத் தொப்பி, அதே ஃபைபர் படகு.
மூன்று குழுவில் பகிர்ந்து
'செம்ம' என்று எழுதியிருந்தான்.
முதலாளியை நிமிர்ந்து கேட்ட அதே விரல்.

சுறுசுறுவென்று ஏறியது எனக்கு.
மாட்டினாயா,
நாற்றத்துக்கே உள்ளே போ என்று
கை தானாக இரண்டாவது மனுவை இழுத்தது.
பாதி பெயர் அடித்தபிறகுதான் பார்த்தேன்
அது யாருடைய கை என்று.

அழித்தேன்.
அவன் பெயரை
அஞ்சலாட்சியின் மனுவில் ஏற்றினேன்,
பகிர்ந்த தேதி, நேரம், குழுக்களோடு.
மற்றதில்
'குற்றம் ஏதும் புலப்படவில்லை'
என்று எழுதி வைத்தேன்.
அய்யா இன்னும் கையெழுத்துப் போடவில்லை.
பேனாவை மூடவும் இல்லை.

அஞ்சலாட்சி கூடையைத் தூக்கியபோது
மீதி சங்கரா கண் வெளுத்துக் கிடந்தது.
"வெல போவாது இனிமே" என்றாள்.
எதைச் சொன்னாளோ.

அன்றிரவு இரண்டு மணிக்கு
சாத்திய ஜன்னலையும் தாண்டி வந்தது.
போனை எடுத்து
'நாறுது' என்று ஒரே சொல் தட்டினேன்.
கட்டைவிரல்
அம்புக்குறியின் மேல் நின்றது,
நின்றது.
பிறகு ஒவ்வொரு எழுத்தாக
பின்னாலிருந்து அழித்தேன்.