ஞாயிறும் சேரும்

தடைக்காலம் தொடங்கிய அன்று
மண்டபத்திலிருந்து வந்தார்கள்.
பிள்ளைக்குப் பதினோரு நாள்.
ஒப்படைப்புப் பத்திரத்தில் இரண்டு கையெழுத்து வேண்டும்,
தாய் மட்டும் போட்டால் செல்லாது.

யாராவது வற்புறுத்தினார்களா?
இல்லை.
பணம் வாங்கினீர்களா?
இல்லை.

விசைப்படகில் கூலிக்குப் போகிற சூசைவியாகுலம்
தன் பெயரை முழுசாக, ஒரு புள்ளி விடாமல் எழுதினான்.
பிறகு எஸ்கலின்.
முத்திரையில் மை போதாமல் இரண்டு முறை குத்தினேன்.

"அறுபது நாளுக்குள் மனம் மாறினால்
திரும்பப் பெறலாம்" என்று வாசித்தேன்.
"கடலுக்கு ஒரு நாள் கூட" என்றான்.
சிரித்தானா என்று தெரியவில்லை.

நாற்பதாம் நாள் போன்.
"ஞாயித்துக்கிழமையும் கணக்குல சேருமா சார்?"
சேரும் என்றேன். வைத்துவிட்டாள்.

ஐம்பத்தெட்டில் மறுபடி.
"அவரும் வரணுமா? நான் மட்டும் வந்தாப் போதுமா?"
விதிப்புத்தகத்தைப் புரட்டினேன்.
கொடுப்பதற்கு இருவர் என்று இருந்தது.
கேட்பதற்கு எத்தனை பேர் என்று
என் கண்ணில் படவில்லை.
ஒருத்தர் போதும் என்று சொல்லிவிட்டேன்,
யாரையும் கேட்காமல்.

அறுபதாம் நாள் ஐந்தரைக்கு வந்தாள், தனியாக.
ஆதார் நகல் இல்லை.
தோளில் ஒரு துண்டு,
பிள்ளை அளவுக்கு மடித்தது.

மண்டபத்தில் இந்நேரம்
படகுகளுக்கு ஐஸ் ஏற்றிக்கொண்டிருப்பார்கள்.