அரை மாத்திரை

சனிக்கிழமை மூன்று மணி.
புக்கிட் பாத்தோக் சமூக மன்றம், மூன்றாவது மாடி.
பக்கத்து அறையில் யாரோ
ஹொக்கியன் பாட்டைக் கரவோக்கேயில் வதைக்கிறார்கள்.
எங்கள் கதவில் ஒட்டிய தாள்:
ஜப்பானை ருசிப்போம், வரைவோம், வாசிப்போம்.
ஆறு வாரம், நாற்பது வெள்ளி.
ருசிக்கு மட்டும் வந்தவர்கள் பாதிப்பேர்.
நீங்கள் ஏன் வந்தீர்கள் என்று
படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது.
காலியாக விட்டேன்.

வாரமெல்லாம் பாலிகிளினிக் மருந்தகத்தில்
நீலத் தட்டில் மாத்திரை எண்ணுகிறவள் நான்.
ஐந்தைந்தாகத் தள்ளுவேன்.
தூக்கத்திலும் கை ஐந்தில் நிற்கும்.

முதல் வாரம் சோறு.
சனாயே பானையைத் திறந்தார்.
ஆவி விலகியதும் எட்டிப் பார்த்தேன்:
குழைந்திருந்தது.
என் வீட்டில் இப்படி ஆக்கினால்
"களியா கிண்டினே?" என்பார் எழிலரசு.
இங்கே எல்லோரும் "ஆ" என்றார்கள்.
ரோஸ்னா மிரின் புட்டியைத் திருப்பி
லேபிளைத் தேடுமுன்
சனாயே அதை அலமாரிக்குள் வைத்தார்.
வினிகரும் சீனியும் போதுமாம்.
எனக்கோ புரட்டாசி.
சூரைமீன் கிண்ணம் என்னைத் தாண்டிப் போனது.
பதிலுக்கு வந்தது ஒரு பிளம்,
உப்பில் கிடந்து சுருங்கி,
சிவந்து, முகம் சுளித்து.
கடித்தேன்.
அட, நார்த்தங்காய்க்கு ஒன்றுவிட்ட தங்கை!
உருண்டைக்குள் அதைப் புதைத்து
கடற்பாசிச் சட்டை போட்டேன்.
செய்தது மூன்று.
வீடு வரை ஒன்றும் வந்து சேரவில்லை.

அடுத்து மை.
ஒரே இழுப்பில் ஒரு கணு.
திருத்த முடியாது, தாள் மறக்காது.
திரு. க்வெக் முப்பது வருடம் பேருந்து ஓட்டியவர்.
அவர் மூங்கில்
அடியிலிருந்தே நடுங்கி ஏறியது.
"உங்கள் மூங்கிலுக்குக் குளிர்" என்றாள் ரோஸ்னா.
"ஏர்கான் ஜாஸ்தி" என்றார் அவர்,
மேசைக்கடியில்
வலக்கையை இடக்கையால் பிடித்தபடி.
சிரித்தோம்.
நான் கொஞ்சம் தாமதமாக.

நான்காம் வாரம் கவிதை.
பருவம் ஒன்று வர வேண்டும் என்றார் சனாயே.
நாங்கள் ஜன்னலைப் பார்த்தோம்.
வருடம் முழுக்க அதே பச்சை,
அதே வியர்வை.
"டுரியான்" என்றார் க்வெக்.
"புகைமூட்டம்" என்றாள் ரோஸ்னா.
பின்வரிசைப் பையன் ஜியா ஹாவ்
"ஓ லெவல்" என்றான்.
யாரும் மறுக்கவில்லை.

ஐந்து, ஏழு, ஐந்து.
ஐந்து என் கை அறிந்தது.
ஏழில் தடுமாறினேன்,
ஒரு தள்ளல் போக இரண்டு மிச்சம்.
கடைசியில் எழுதினேன்:

டிசம்பர் மழை
இருமல் மருந்தில்லை
வரிசை நீளும்

வாசிக்கச் சொல்லி,
மேசையில் தட்டித் தட்டி எண்ணினார் சனாயே.
ம் என்றால் ஒரு தட்டு. ர் என்றால் இன்னொன்று.
"ஆறு அதிகம்."
புள்ளி வைத்த எழுத்தை நாங்கள் எண்ணுவதில்லை என்றேன்.
"பாவமில்லையா? எங்கள் ன்
தனியாகவே நிற்கும்.
அதற்கும் ஒரு முழுத் தட்டு."
எங்களில் அதற்கு அரை மாத்திரை என்றேன்.
சொன்ன வாய் அப்படியே நின்றது.
பள்ளியில் படித்த மாத்திரையும்
பகலெல்லாம் எண்ணுகிற மாத்திரையும்
இத்தனை வருடம் ஒரே நாக்கில் குடியிருந்தும்
முகம் பார்த்துக்கொண்டதில்லை.

செவ்வாய்க்கிழமை.
திரையில் ஒளிர்ந்த எண்ணுக்கு
எழுந்து வந்தவர் க்வெக்.
பெயர் கேட்டேன், பிறந்த தேதி கேட்டேன்,
தெரியாதவள் போல. அது விதி.
தெரியாதவர் போலவே சொன்னார்.
காலை அரை, மதியம் அரை, இரவு அரை.
வீட்டில் வெட்ட வருமா என்று கேட்கவில்லை.
கத்திப்பெட்டியில் ஒவ்வொன்றாக வைத்து
நானே அழுத்தினேன்.
டிக். டிக். டிக்.
பின்னால் வரிசை இருமியது.
ஓரங்கள் கொஞ்சம் மாவாய் உதிர்ந்தன.

பையை வாங்கியவர்
நகராமல் நின்று,
கண்ணாடிக்கு அப்பால்
கவுண்ட்டரை ஒரு தட்டுத் தட்டினார்.
விரல் நடுங்கியதில்
அது இரண்டாகக் கேட்டது.
இரண்டையும் எண்ணிக்கொண்டேன்.

"இந்தச் சனி நூடுல்ஸாம்" என்றார்,
"உறிஞ்சிச் சாப்பிட வேண்டுமாம், சத்தமாக."