ஈரக் கழிவு

கட்டபெட்டில் மழைநாளில் வரும் இலைக்கு
நூற்றுக்குப் பத்துக் கிலோ
ஈரம் என்று கழிப்போம்.
பதினோரு வருஷமாக எடைச்சீட்டு எழுதுகிறேன்.
எது இலை, எது தண்ணீர் என்று
மூட்டை தராசில் விழும் சத்தத்திலேயே சொல்லிவிடுவேன்.
இந்தக் கேமராவில்தான் தெரியவில்லை
எவ்வளவு என்னுடையது, எவ்வளவு போஜனுடையது.

கணக்கில் விட்டுப்போன நாற்பத்தேழு கிலோவை
நான் தேடி எடுத்துக் கொடுத்த வருஷம்
ஒரு பிஸ்கட் டின்னில் வைத்துக் கொண்டுவந்தார்.
இரண்டு கண் யாஷிகா. தோல் உறை. வார் அறுந்தது.
"வச்சுக்கோங்க யோகேஸ்வரி,
எங்க வீட்ல யாருக்கும் குனிஞ்சு பார்த்துப் படம் பிடிக்க வராது."

மூன்று சுருள் எடுத்தேன்.
சுருளுக்குப் பன்னிரண்டு படம்.
கோயம்புத்தூருக்கு அனுப்பிக் கழுவி
கூரியரும் சேர்த்துக் கூட்டினால்
ஒரு முகத்துக்கு நூற்றுப்பத்து ரூபாய்.
தங்கச்சி முகத்துக்குத் தகும்.
மேனேஜர் முகத்துக்கு?

பிறகு ஆறு மழைக்காலம் டின்னுக்குள்.
மாத்திரை டப்பாக்களில் வரும்
ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களைச் சேர்த்துச் சேர்த்துப் போட்டேன்.
இந்த மலையின் மூடுபனி
பொட்டலத்துக்கு அடங்குமா?
லென்ஸின் ஓரத்தில்
சிலந்திக் கால் போல் ஒன்று முளைத்து
நடுவை நோக்கி நடக்க ஆரம்பித்தது.

குன்னூரில் காபிக்கடை வைத்திருக்கும் ஷிஜோ
பன்னிரண்டாயிரம் என்றான்.

தானம் வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள்.
சரி, பார்க்கவில்லை.
அந்த மாட்டைச் சந்தைக்கு ஓட்டலாமா என்பதைப் பற்றி
ஒருவரும் ஒன்றும் சொல்லி வைக்கவில்லை.
கல்யாணத்துக்கு வந்த குத்துவிளக்கை
அடுத்த கல்யாணத்துக்குத் தள்ளும்போது
யாரையும் கேட்பதில்லை,
பேர் ஒட்டிய தாளைச் சுரண்டிவிடுகிறோம்.
இதில் சுரண்டத் தாளும் இல்லை.
சும்மா கொடுத்துவிட்டால் நல்லவளா?
வாங்கியவன் மறுநாளே விற்றால்
அந்தப் பணம் யாருடைய பாவம்?
எத்தனை வருஷம் வைத்திருந்தால்
ஒரு பரிசு பொருளாகும்?

செவ்வாய்க்கிழமை போஜனின் மூட்டை ஏறியது.
சீட்டை எழுதிக்கொண்டே,
முகத்தைப் பார்க்காமல் கேட்டுவிட்டேன்.
முள் ஆடி நிற்கும்வரை அவர் பேசவில்லை.

"அது எனக்கே ஒருத்தர் கொடுத்ததுதான்.
கேத்தியில சேர்ந்து சீட்டுக் கட்டின யேசுரத்தினம்,
ஓசூருக்கு மாத்தலாகிப் போறப்ப.
விக்க மனசு வரல. வச்சுக்கவும் முடியல.
அதான் உங்ககிட்ட..."

ஆக ஆறு வருஷமாக
ஒருவரின் விற்க முடியாமையைத்தான்
பொட்டலம் போட்டுக் காய வைத்திருக்கிறேன்.

"எவ்வளவுக்குக் கேக்கிறான்?"
"பன்னிரண்டு."
"பதினஞ்சுக்குக் கீழ எறங்காதீங்க."

பாதியை உங்களுக்குத் தருகிறேன் என்றேன்.
கையை ஆட்டினார்.
"பணம் வேணாம். அந்த டின்னை மட்டும் தாங்க.
அன்னைலேர்ந்து வீட்ல கேட்டுக்கிட்டே இருக்கா."

ஞாயிற்றுக்கிழமை ஷிஜோ வந்தான்.
அலமாரியில் வைக்கவா, படம் பிடிக்கவா?
விற்பவள் கேட்கலாமா என்று தெரியாமலே கேட்டேன்.
"முதல்ல அலமாரி" என்றான். பொய் சொல்லவில்லை.
நானும் டார்ச் அடித்து
சிலந்திக் காலைக் காட்டினேன்.
பதினைந்தில் இரண்டு கழித்தான்.
எடைச்சீட்டு ஒன்றின் பின்பக்கம்
யேசுரத்தினம், போஜன், யோகேஸ்வரி
என்று எழுதி உறைக்குள் செருகினேன்.
படித்துவிட்டு, இதற்கும் ஏதாவது கழிக்கணுமா என்றான்.

பிறகு மூடியைத் திறந்து, குனிந்து,
கண்ணாடிக்குள் என்னைத் தேடினான்.
அதில் என் வலது கை இடதாகத் தெரியும்.
"நகராதீங்க."
உள்ளே சுருள் இல்லை என்று
இரண்டு பேருக்கும் தெரியும்.
நான் நகரவில்லை.

டின்னைத் திங்கட்கிழமை
இலை லாரியில் கொடுத்தனுப்பினேன்.
பொட்டலங்களை எடுக்க மறந்துவிட்டது.