இரண்டாவது ஒட்டுத்தாள்

முதல் தாள் தொழிற்சாலையில் ஒட்டியது.
என்ஜினுக்கு எத்தனை குதிரை,
ஒரு காலனுக்கு எத்தனை மைல்,
அடியில் கறுப்புக் கட்டத்துக்குள் விலை:
எழுபத்தெட்டாயிரத்து நானூறு டாலர்.
அதைக் கிழிக்கச் சட்டம் விடாது.
பக்கத்தில் இன்னொன்று ஒட்ட விடும்.

அந்த இன்னொன்றை அச்சடிப்பவள் நான்.
டலூத், மினசோட்டா. ஏரியைப் பார்த்த கண்ணாடிக் கடை.
பதினோரு வருடமாக இதே மேசை.

வண்டி நவம்பரில் வந்து இறங்கியது.
ஐந்நூறில் இருநூற்றுப் பன்னிரண்டாவது.
பழுக்கக் காய்ச்சிய இரும்பின் நிறம்.
வெளியே முதல் பனி, சாலையெல்லாம் உப்பு.
ஏப்ரல் வரை அதை ஓட்ட முடியாத ஊரில்
டயரின் ரப்பர் முடிகூட உதிராமல் நின்றது.

வோல்மர் துண்டுச்சீட்டில் எழுதித் தந்தார்:
டயருக்கு நைட்ரஜன், 199.
(நாம் இழுக்கும் மூச்சில் ஐந்தில் நாலு பங்கு அதுதான்,
இலவசமாக.)
பெயின்ட்டுக்கு மேல் பூச்சு, 1,495.
கதவு விளிம்புக்கு நாடா, 299.
அப்புறம் விவரமில்லாத ஒரு வரி:
சந்தைச் சரிக்கட்டல், 50,000.

யாரைச் சரிக்கட்ட என்று நான் கேட்கவில்லை.
விற்பவர் வாங்குபவருக்குத் தந்தால் கொசுறு.
வாங்குபவர் விற்பவருக்குத் தந்தால்
அதற்கு என்ன பெயர்?
"எழுத்து கொஞ்சம் சின்னதாக இருக்கட்டும், மார்லிஸ்."
சின்னதாக்கினேன். பூஜ்யங்கள் நாலும் அப்படியே இருந்தன.

சனிக்கிழமை எய்னோ லாஹ்தி வந்தார்.
தாதுக்கப்பல் துறையில் முப்பத்திரண்டு குளிர்காலம்.
மூன்று வருடம் முன்பு,
வண்டி வெறும் வரைபடமாக இருந்தபோதே
ஐந்நூறு டாலர் முன்பணம் கட்டியவர்.
ரசீதை பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்தார்.
'தொழிற்சாலை விலைக்கே' என்று அதில் எழுதியிருந்தது,
என் கையெழுத்தில்.

வோல்மர் அதை விளக்கில் பிடித்துப் பார்த்தார்,
கள்ளநோட்டைப் பார்ப்பதுபோல.
"இது வரிசையில் ஒரு இடம்தான், விலை இல்லை.
விலை எழுத மார்லிஸுக்கு அதிகாரம் கிடையாது."

அதிகாரம் இல்லாத அதே கையால்தான்
வியாழக்கிழமை ஐம்பதாயிரம் அடித்தேன்.

எய்னோ சத்தம் போடவில்லை. போட்டிருக்கலாம்.
மூக்குக்கண்ணாடி மாட்டி
இரண்டு தாளையும் வரிவரியாகப் படித்தார்.
"உட்கார்ந்து பார்க்கலாமா?"
பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு ஏறினார்.
ஒரு சாக்ஸில் கட்டைவிரல் ஓட்டை.
கிளட்சை மிதித்து
ஒன்று, இரண்டு, மூன்று என்று கியர் மாற்றினார்,
என்ஜின் உறங்க.
நான்காவதில் கையை வைத்தபடி
பனி வழிக்கும் லாரி தெருமுனை திரும்பும்வரை
வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.
இறங்கி பூட்ஸுக்கு நாடா கட்ட நெடுநேரமானது.

முன்பணத்துக்குக் காசோலை நான்தான் எழுதினேன்.
ஐந்நூறு. மூன்று வருட வட்டி, ஒன்றுமில்லை.
தேதியைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:
"நீங்கள் போடும் ஏழு ஒன்று மாதிரி இருக்கிறது."

செவ்வாயன்று அரிசோனாக்காரர் ஒருவர்
போனிலேயே வாங்கினார்.
நிறம் கேட்கவில்லை. எண்ணைக் கேட்டார்.
மூடிய லாரி வந்தது.
மைல்கணக்கு ஏழைத் தாண்டக் கூடாதாம்,
கம்பி கட்டி இழுத்து ஏற்றினார்கள்.
அதற்கு முன் என் தாளை உரித்தேன்.
பாதி வந்தது; மீதியை நகத்தால் சுரண்டினேன்.

மார்ச்சில் அது ஏலத்துக்கு வந்தது. ஏழு மைல்.
ஆரம்ப விலையே ஒரு லட்சத்து அறுபதாயிரம்.
மதியச் சாப்பாட்டு நேரத்தில்
படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.
கிளட்சுக்குக் கீழே, விரிப்பில்,
சாம்பல் நிறத்தில் ஒரு கம்பளி இழை.
திரையின் தூசியோ என்று துடைத்தேன். போகவில்லை.

வோல்மர் கதவைத் தட்டுகிறார்,
கையில் அடுத்த துண்டுச்சீட்டு.
நைட்ரஜன் இப்போது 249.