அரைப்புள்ளி

ஐம்பத்தெட்டு முடிந்த மறுநாள்
நூறடி ரோட்டில், மருந்துக்கடைக்கு மேல்மாடி.
ஏசி உண்டு, ஓடவில்லை.
இன்பராஜ் கணினியைத் திருப்பி
எனக்கும் தெரியும்படி வைத்தான்.

"கையில் என்ன இருக்கு ஆச்சி?"
எழுபத்தாறு லட்சம்.
பள்ளிக்கூட ஆபீசில் முப்பத்தோரு வருஷம்
ஊரார் பிள்ளைகளின் பீஸை எண்ணிக் கட்டிய கை.
பி.எஃப்., அவர் இன்ஷூரன்ஸ், விற்ற வைரத்தோடு
எல்லாம் அதில் அடக்கம்.

"வருஷச் செலவு?"
ஐந்து லட்சம்.
மாடி வாடகை ஒன்று இருபது வரும். கழித்தால்
மூன்று எண்பது.

"பெரிய வீட்டில் பங்கு இருக்குமே?"
இருக்கிறது. கண்டனூரில், பதினெட்டில் ஒன்று.
வளவில் ஒரு இரட்டை வீடு, ஒரு சாவி.
சொத்து என்ற கட்டத்தில் எழுதப் போனான்.
தம்பி, அது கீழே, செலவில்.
காவலுக்கும் வெள்ளையடிப்புக்கும் ஒழுகும் ஓட்டுக்கும்
வருஷம் அறுபதாயிரம்.
அந்த ஐந்து லட்சத்துக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது.

கோயில் வரியில், சாத்தப்பன் போன பின்
நான் அரைப்புள்ளி.
ஆள் பாதி, வரி பாதி. நியாயமான கணக்கு.
கேஸ் கம்பெனிக்கு அது தெரியாது.
மின்வாரியத்துக்கும் தெரியாது.
சுகர் மாத்திரை பாதியாக உடையும்,
விலை உடையாது.

முதலைத் தொடாமல் சாப்பிட வேண்டுமென்றால்
நூற்றுக்கு ஐந்து. விலைவாசிக்கு ஆறு.
"பதினொன்று வேணும் ஆச்சி" என்றான்,
நான் என்னவோ கடன் கேட்டதுபோல் குரலைத் தாழ்த்தி.
பதினொன்றுக்கும் மேலே வாங்கியவர்கள்
எங்கள் வகையில் உண்டு.
முதலும் திரும்பாமல் ஊர் வந்தவர்களும் உண்டு.

முதலைத் தொடாதே:
எழுத்து கூட்டும் முன்னே படித்த பாடம்.
யாருக்காகத் தொடாமல் வைக்க?
பிள்ளை இல்லை.
சரி, தொடுகிறேன் என்றேன்.
சொன்ன பிறகு, கல்லாவில் கை வைத்து
மாட்டிக்கொண்டதுபோல் இருந்தது.

தொட்டால் இன்னொரு கட்டம் திறக்கும்.
அதன் பெயர் ஆயுள்.
இன்பராஜ் தண்ணீர் குடித்தான்.
"எது வரைக்கும்... போடட்டும்?"
கீழே மருந்துக்கடையில் யாரோ சில்லறைக்குச் சண்டை.

எண்பத்தெட்டு என்றேன்.
ஒன்பதேகால் வேண்டும் என்றது திரை.
பாங்கில் ஏழுதான் தருகிறான்.
கீபோர்டை என் பக்கம் இழுத்தேன்.
எண்பத்து மூன்று: எட்டும் சொச்சமும்.
எண்பது: ஏழு.

அப்படியே பொருந்தியது, சம்புடத்துக்கு மூடி போல.
ஐந்தொகை போடும்போது
பற்றும் வரவும் நேரானால் ஒரு சின்னச் சந்தோஷம் வருமே,
அது வந்துவிட்டது.
வந்த பிறகுதான் உறைத்தது,
எட்டு வருஷத்தைக் கொன்று நேராக்கியிருக்கிறேன்.

கணக்கு நேராகவில்லையென்றால்
தேதியைத் திருத்தாதே.
ஆபீசில் எத்தனை பேரைத் திட்டியிருக்கிறேன் இதற்காக.

மறுபடி எண்பத்தெட்டு.
மேலே போனேன், செலவுக்கு.
அறுபதாயிரத்தை எடுத்தேன்.
ஏழு புள்ளி எட்டு.

அந்தப் புள்ளியைப் பேனா முனையால் தொட்டு
"இதை எட்டிப் பிடிக்கலாம் ஆச்சி,
கொஞ்சம் பங்கு கலந்தால்" என்றான்.
பங்கு என்றதும் எனக்கு
வேறு பங்குதான் கண்ணில் நின்றது.

அங்கேயே, அவன் முன்னாலேயே
பங்காளிகள் வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன்:
பதினெட்டில் ஒன்றை யார் எடுத்தாலும் சம்மதம்.
விலை வேண்டாம். சாவி என்னிடம்.
படைப்புக்கு மட்டும் வருவேன். உண்ணாமலை.

ஏழு பேர் பார்த்துவிட்டார்கள். பதில் இல்லை.
சிங்கப்பூர் கொழுந்தன் டைப்பிங் என்று காட்டி,
நின்று, மறுபடி காட்டி,
நின்று

நான் படியிறங்கினேன்.
எதிர் மண்டியில் மூட்டை இறங்குகிறது.
எண்ணுகிறவர் ஒன்று என்று சொல்லாமல்
லாபம் என்று தொடங்கினார்.
லாபம், ரெண்டு, மூணு...
வெயிலில் நின்று
முப்பது வரை கேட்டேன்.